வகுக்காமலே பகா எண் (வாசகர் கடிதம்)

வணக்கம் சார்,

மண்டபத்திலிருந்து எழுதுகிறேன். மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகெல்லாம் கரையில் நிற்கிறது. அப்பாவுக்கு வலையைச் சரிபார்க்கும் வேலை, எனக்குப் படிக்க நேரம். தெரிந்ததிலேயே பெரிய பகா எண்ணில் 4 கோடி இலக்கத்துக்கு மேல் என்று படித்தேன். 2, 3, 5 என்று வகுத்துக்கொண்டே போனால் ஆயுசு போதாதே, எப்படி உறுதி செய்தார்கள்? வங்கி ரகசியத்துக்கு இந்த எண்தான் உதவுகிறது என்று டியூஷன் சார் சொன்னார். நிஜமா?

வாசகர், மண்டபம்

அன்புள்ள தம்பி,

136279841 இரண்டுகளைப் பெருக்கி ஒன்றைக் கழித்தால் வரும் எண் அது. 2024 அக்டோபரில் அமெரிக்கரான லூக் டுரான்ட் கண்டுபிடித்தார். மொத்தம் 4,10,24,320 இலக்கங்கள்.

இதை 2, 3, 5-ஆல் வகுத்துப் பார்க்கவே தேவையில்லை. அடுக்கு, அதாவது பெருக்கும் இரண்டுகளின் எண்ணிக்கை, ஒற்றைப்படைப் பகா எண்ணாக இருந்தால், இந்த வகை எண்ணின் எந்தப் பகாக் காரணியையும் அடுக்கின் இருமடங்கால் வகுக்க மீதி 1 வரும். 2¹¹−1, அதாவது 2047 = 23 × 89. இரண்டையும் 22-ஆல் வகுத்துப் பாருங்கள். அந்தக் கணக்கில் நம் பெரிய எண்ணுக்கு 27 கோடிக்குக் கீழே காரணி இருக்க வழியே இல்லை.

சரி, அதற்கு மேலே? அங்கே வகுப்பதை விட்டுவிடுகிறார்கள். லூக்கா என்ற பிரெஞ்சுக்காரர் தொடங்கி, லேமர் என்ற அமெரிக்கர் செப்பம் செய்த சோதனை ஒன்று உண்டு. 4-இல் ஆரம்பித்து, வர்க்கம் எடுத்து 2 கழித்து, சோதிக்கும் எண்ணால் வகுத்த மீதியை மட்டும் வைத்துக்கொண்டு அதையே திரும்பச் செய்ய வேண்டும். அடுக்கைவிட இரண்டு குறைவான சுற்றுகள். கடைசியில் பூஜ்யம் வந்தால் பகா எண், இல்லாவிட்டால் இல்லை. 2⁵−1 = 31-க்கு மூன்று சுற்று: 4, 14, 8, 0. டுரான்டின் எண்ணும் இந்தச் சோதனையில்தான் உறுதியானது; சுற்றுகள்தான் 13 கோடிக்கும் மேல்.

எனக்குப் பிடித்தது இதன் மறுபக்கம். பகா எண் இல்லை என்று சொல்லும், காரணி என்ன என்று சொல்லாது. 2⁶⁷−1 பகா எண் இல்லை என்று லூக்கா 1876-லேயே காட்டிவிட்டார். அதை உடைத்து 193707721 × 761838257287 என்று கோல் என்ற அமெரிக்கக் கணித அறிஞர் எழுதிக் காட்டியது 1903-இல். எந்த அடுக்குகளுக்கு இப்படிப் பகா எண் வரும் என்று 1644-இல் பட்டியல் போட்ட மெர்சென் பாதிரியார் 67-ஐத் தவறாகச் சேர்த்தார், 61-ஐ விட்டுவிட்டார். (உங்கள் தடைக்காலமும் 61 நாள்தான்!) 2⁶¹−1 பகா எண் என்று 1883-இல் காட்டிய பெர்வூஷினும் ஒரு பாதிரியார்தான், ரஷ்யாவில்.

டியூஷன் சார் சொன்னது பத்திரிகைகளும் எழுதுவதுதான், ஆனால் சரியில்லை. வங்கிப் பாதுகாப்புக்குச் சில நூறு இலக்கப் பகா எண்களே போதும், அவையும் வெளியே தெரியக் கூடாது. இதுவோ ஊரறிந்த எண். இந்தத் தேடலுக்கு எழுதிய மென்பொருள் கம்ப்யூட்டர் கோளாறுகளைக் கண்டுபிடிக்க உதவுகிறது, அது உண்மை.

2⁷−1 = 127-க்கு ஐந்தே சுற்று, பேப்பரும் பேனாவும் போதும். மூன்றாவது சுற்றில் 42 வராவிட்டால் முதலிலிருந்து போடுங்கள்.