வேட்டைநாய் கண்ணியில் சிக்கினால் என்ன செய்வது?

கேள்வி: பயிருக்குள் இறங்கும் காட்டுப்பன்றிகளை விரட்ட இரண்டு வேட்டைநாய்கள் வளர்க்கிறேன். சென்ற வாரம் ஒரு நாயின் கழுத்து வேலியோரத்தில் யாரோ வைத்திருந்த கம்பிச் சுருக்கில் மாட்டிக்கொண்டது. கையிலிருந்த குறடால் கம்பியை வெட்ட முடியாமல், பெரும்பாடுபட்டு மீட்டோம். இனி நாய்களைக் கட்டியே வைக்க வேண்டுமா?

பதில்: கட்டியே வைக்க வேண்டியதில்லை. ஆனால் நாய்க்கு ஒரு பழக்கத்தையும், தங்கள் கைக்கு ஒரு பழக்கத்தையும் ஏற்படுத்த வேண்டும்.

சுருக்குக் கண்ணி தானாக இறுகுவதில்லை. மாட்டிய விலங்கு திமிறி இழுக்க இழுக்கத்தான் இறுகுகிறது. கயிற்றில் நடந்து பழகிய நாய், கழுத்தில் இறுக்கம் தெரிந்ததும் நின்றுவிடும் அல்லது உட்கார்ந்துவிடும். கட்டுக்கே பழகாத நாயோ மிரண்டு துள்ளித் தன் மூச்சைத் தானே அடைத்துக்கொள்ளும். வேட்டைநாயைக் கட்டிப் பழக்கினால் அதன் வேகம் மழுங்கிவிடும் என்று சிலர் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. நாள்தோறும் சிறிது நேரம் கயிற்றில் நடத்தி, கயிறு இறுகும்போது அசையாமல் நின்றால் உடனே தளர்த்திப் பாராட்டுங்கள். அழைத்தவுடன் திரும்பி வரும் பழக்கமும் இதனோடு சேரட்டும்.

கண்ணி வைப்பவர்கள் விலங்கின் தடத்தைப் பார்த்தே வைப்பார்கள். வேலியில் விலங்குகள் நுழையும் சந்து, ஓடைக்கரை, புதருக்குள் செல்லும் ஒற்றைத்தடம், இரை நாற்றம் வீசும் இடம் ஆகியவற்றை நாய்களை அவிழ்த்துவிடுவதற்கு முன் பகல் வெளிச்சத்தில் ஒருமுறை நடந்து பாருங்கள். பக்கத்து நிலத்துக்காரர்களிடம் எங்கே பொறி வைத்திருக்கிறார்கள் என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்வது இன்னும் நல்லது. நாயின் கழுத்தில் மணி கட்டுங்கள். ஓடிக்கொண்டிருந்த மணியோசை திடீரென நின்றால் காத்திருக்காமல் அந்தத் திசைக்குச் செல்லுங்கள்.

குறடு வெட்டாததில் வியப்பில்லை. பல இழைகளை முறுக்கிச் செய்த எஃகுக் கம்பியை, வண்டியின் பிரேக் கம்பியைப் போன்றதை, அதற்கென உள்ள கேபிள் வெட்டிதான் துண்டிக்கும். அதை எப்போதும் இடுப்பில் வைத்திருங்கள். நாய் மாட்டியதும் முதலில் அதைக் கம்பி கட்டப்பட்ட பக்கமாக நகர்த்தி இழுவிசையைத் தளர்த்துங்கள். பிறகு சுருக்கின் பூட்டை, அதாவது கம்பி தளராமல் பிடித்திருக்கும் சிறு துண்டை, பின்னோக்கித் தள்ளுங்கள். அதுவும் நகராவிட்டால் வெட்டுங்கள். வலியில் வளர்த்தவரையே கடிக்கும் என்பதால் தலைமேல் துணியைப் போர்த்தலாம், ஆனால் மூச்சுத் திணறும் நாயின் வாயைக் கட்டக் கூடாது.

காலைக் கவ்வும் இரும்புப் பொறியில் இரு பக்கமும் உள்ள நெம்புகோல்களை ஒரே நேரத்தில் மிதித்து அழுத்தினால் தாடைகள் திறக்கும். கழுத்தையோ உடலையோ நெரிக்கும் சதுரச் சட்டப் பொறிதான் மிகக் கொடியது. அதில் சில நிமிடங்களே அவகாசம் உண்டு. அதன் சுருள்வில் ஒவ்வொன்றின் முனையிலும் இரண்டு வளையங்கள் இருக்கும். நாய்க்கயிற்றை இரண்டு வளையங்களுக்குள்ளும் விட்டு, மீண்டும் முதல் வளையத்தின் வழியாகக் கொண்டுவந்து, ஒரு முனையைக் காலால் மிதித்துக்கொண்டு மறுமுனையை இழுத்தால் வில் அமுங்கும். அமுங்கியதும் அதன் கொக்கியை மாட்டிவிட்டு அடுத்த வில்லுக்குச் செல்ல வேண்டும். பதற்றத்தில் இது கைக்கு வராது. ஆகவே ஒரு பழைய பொறியை வைத்து வீட்டிலேயே பலமுறை செய்து பழகுங்கள், உடன் வருபவருக்கும் கற்றுக்கொடுங்கள்.

மீண்ட நாய் எழுந்து ஓடுவதைக் கண்டு நிம்மதியடைந்துவிட வேண்டாம். கம்பி இறுகிய இடத்தில் இரத்த ஓட்டம் தடைபட்ட தோலும் தசையும் சில நாட்கள் கழித்தே கறுத்து அழுகத் தொடங்குவதுண்டு. கழுத்து நெரிபட்ட நாய்க்கு நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளவும் கூடும். தங்கள் நாயின் கழுத்து மயிரை விலக்கிச் சுற்றிலும் தடவிப் பாருங்கள். வீக்கம், சீழ், இருமல், குரல் கம்மல், தீனி விழுங்கச் சிரமம் ஆகியவற்றில் எது தெரிந்தாலும் இன்றே கால்நடை மருத்துவரிடம் கொண்டுசெல்லுங்கள். அதுவரை மனிதர்களுக்கான வலி மாத்திரை எதையும் கொடுக்காதீர்கள். பாராசிட்டமாலும் இபுப்ரோஃபெனும் நாய்க்கு நஞ்சாக முடியும்.