ஸ்டுடியோ கணினிக்குப் புது விண்டோஸ் ஏற்றலாமா?

கேள்வி: வீட்டு மாடியில் சின்ன ரெக்கார்டிங் ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். பக்திப் பாடல், பள்ளி ஆண்டு விழாப் பாட்டு, அவ்வப்போது டப்பிங். கணினியில் ஏழாம் தலைமுறை ஐ7, 16 ஜிபி ரேம், விண்டோஸ் 10. கியூபேஸ் 10.5 பதிவு மென்பொருளை டாங்கிளோடு (உரிமம் இருக்கும் யூஎஸ்பி சாவி) வைத்திருக்கிறேன், மைக்கைக் கணினியோடு இணைக்க எட்டு சேனல் யூஎஸ்பி இன்டர்ஃபேஸ். எல்லாம் நன்றாகவே ஓடுகிறது. ஆனால் விண்டோஸ் 10க்கு ஆதரவு முடிந்தது என்று திரையில் எச்சரிக்கை வருகிறது. சர்வீஸ் பார்க்கும் தம்பி, "அண்ணே, இதுல 11 ஏறாதுன்னுதான் சொல்லுவாங்க, நான் ஏத்தித் தரேன்" என்கிறார். ஏற்றலாமா?
– வாசகர், கும்பகோணம்

பதில்: இந்தக் கணினியில் வேண்டாம். தம்பி சொல்வது பொய்யில்லை, ஏற்ற வழி இருக்கிறது. ஆனால் இன்டெல்லில் பொதுவாக எட்டாம் தலைமுறையிலிருந்துதான் விண்டோஸ் 11ஐ மைக்ரோசாஃப்ட் ஏற்றுக்கொள்கிறது, உங்களுடையது ஏழு. அந்தத் தகுதிச் சோதனையைத் தாண்டி ஏற்றிய கணினிக்கு அப்டேட் வரும் என்று உறுதி கிடையாது என்று அவர்களே சொல்லிவிட்டார்கள். அப்டேட் வேண்டும் என்பதற்காகத்தானே மாறப் பார்க்கிறீர்கள்? அதுவே உறுதியில்லை என்றால் மாறி என்ன பயன்?

விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்தது. அன்றோடு கணினி நின்றுவிடவில்லை, பாதுகாப்புத் திருத்தங்கள் தானாக வருவது மட்டும்தான் நின்றது. அதற்கும் வீட்டுப் பயனர்களுக்கு ஒரு வருட நீட்டிப்பு கொடுத்திருக்கிறார்கள், 2026 அக்டோபர் 13 வரை. உங்கள் விண்டோஸ் 22எச்2 பதிப்பாக இருந்தால் செட்டிங்ஸில் அப்டேட் பக்கத்தில் பதிவு செய்யும் இடம் தெரியும். மைக்ரோசாஃப்ட் கணக்கில் உள்நுழைந்து, கணினியின் அமைப்புகளை அந்தக் கணக்கில் பேக்கப் செய்ய ஒப்புக்கொண்டால் காசு கேட்காது. ஸ்டுடியோக்காரருக்கு இதில் ஒரு நல்ல விஷயம், இந்த நீட்டிப்பில் பாதுகாப்புத் திருத்தம் மட்டும்தான் வரும், புது வசதி எதையும் கொண்டுவந்து திணிக்காது.

என்னைக் கவலைப்பட வைப்பது விண்டோஸ் அல்ல, உங்கள் டாங்கிள். கியூபேஸ் 10.5 வெளிவந்தது 2019இல். அது இ-லைசென்ஸர் என்ற பழைய உரிம முறையில் ஓடுவது. கியூபேஸ் 12 வந்தபோது அதைத் தயாரிக்கும் ஸ்டெயின்பெர்க் டாங்கிளே தேவைப்படாத புது முறைக்கு மாறிவிட்டது, பழைய இ-லைசென்ஸர் சேவையை 2025 மே 20இல் மூடியும் விட்டது. டாங்கிளில் ஏற்கெனவே ஏறியிருக்கும் உரிமம் தொடர்ந்து வேலை செய்யும், அதில் பயமில்லை. ஆனால் டாங்கிள் உடைந்தாலோ தொலைந்தாலோ, புது இயங்குதளத்தில் அதன் மென்பொருள் தகராறு செய்தாலோ, முன்பு போலப் போய் மீட்டுக்கொள்ள அங்கே சேவை இல்லை. அந்த டாங்கிளை முன்பக்க யூஎஸ்பியில் கால் இடறும் இடத்தில் வைக்காதீர்கள், இன்றைக்கே பின்பக்கம் மாற்றிவிடுங்கள்.

ஒலிப்பதிவுக் கணினியில் இயங்குதளம் தனியாக நிற்பதில்லை. இன்டர்ஃபேஸின் டிரைவர், பதிவு மென்பொருள், அதற்குள் சேர்க்கும் ஒவ்வொரு பிளக்-இன் (எஃபெக்ட், வாத்தியம் போன்ற துணை மென்பொருள்), அந்தப் பிளக்-இன்னின் உரிமம் என்று எல்லாம் அதைப் பிடித்துக்கொண்டுதான் ஓடுகின்றன. மின்னஞ்சலும் எக்ஸெலும் பார்க்கும் கணினியில் ஒன்று ஓடவில்லை என்றால் வேறொன்றை வைத்துச் சமாளிக்கலாம். இங்கே மூன்று வருடம் முன்பு மிக்ஸ் செய்த பாட்டை, "அந்த வரியில குரலை மட்டும் கொஞ்சம் தூக்கிக் கொடுங்க" என்று ஒருவர் கேட்டு வரும்போது, அன்றைக்குப் போட்ட ரிவெர்ப் (எதிரொலி எஃபெக்ட்) இன்றைக்குத் திறக்காவிட்டால் அந்தப் பாட்டை முதலிலிருந்து செய்ய வேண்டியதுதான். அதனால் "புது விண்டோஸ் நல்லதா" என்று கேட்பதைவிட, "என்னிடம் இருக்கிற ஒவ்வொன்றும் அதில் ஓடும் என்று அதைச் செய்தவரே எழுதி வைத்திருக்கிறாரா" என்று கேளுங்கள். ஒரு தாளை எடுத்து இன்டர்ஃபேஸில் தொடங்கி ஒவ்வொரு பிளக்-இன்னாக எழுதி, அந்தந்த நிறுவனத்தின் ஆதரவுப் பக்கத்தில் பாருங்கள். இன்டர்ஃபேஸ் ஒன்று தவறினாலும் மற்றதைப் பார்க்கத் தேவையில்லை, அங்கேயே நிறுத்திவிடலாம்.

அப்புறம் ஒருநாள் எட்டாம் தலைமுறையோ அதற்கு மேலோ உள்ள கணினி வாங்கி மாறத்தான் போகிறீர்கள். அப்போதும் பழைய கணினியை விற்றுவிடாதீர்கள். இருக்கிற கணினியிலேயே மாறுகிறவர்களுக்கும் இதைத்தான் சொல்வேன், ஓடிக்கொண்டிருக்கும் டிஸ்கின் மேலேயே புதியதை ஏற்றவே வேண்டாம். புதிதாக ஓர் எஸ்எஸ்டி வாங்கி, பழையதைக் கழற்றி உறையில் போட்டு, மேலே தேதி எழுதி அலமாரியில் வையுங்கள். புது எஸ்எஸ்டியில் விண்டோஸை முதலிலிருந்து ஏற்றி ஒவ்வொன்றாக நிறுவுங்கள். ஏதாவது ஒத்துவரவில்லை என்றால் பழையதை மாட்டினால் அரை மணி நேரத்தில் பழைய ஸ்டுடியோ கையில் இருக்கும். விண்டோஸே "பழைய பதிப்புக்குத் திரும்பு" என்று ஒரு வழி தருகிறது, ஆனால் அதற்கு 10 நாள்தான் கெடு. ஸ்டுடியோவில் சிக்கல் 10 நாளுக்குள் தெரிய வேண்டும் என்று என்ன கட்டாயம்? நாற்பது டிராக் செஷன் ஒன்றைத் திறக்கும் நாளில்தான் தெரியும். ஒன்றை மட்டும் கவனியுங்கள், சில பிளக்-இன் உரிமங்கள் புது டிஸ்கை வேறு கணினியாக எண்ணிக்கொள்ளும், எத்தனை முறை ஆக்டிவேட் செய்யலாம் என்பதை முன்பே பார்த்துவிடுங்கள்.

மாறும் காலமும் முக்கியம். ஆடிக்கு முன்னால் அம்மன் பாட்டு, கார்த்திகைக்கு முன்னால் ஐயப்பன் பாட்டு என்று உங்களுக்கு வேலை குவியும் மாதங்கள் எவை என்று உங்களுக்கே தெரியும். கையில் முடியாத பாட்டு ஒன்று இருந்தாலும் தொடாதீர்கள். மாறுவதற்கு முன் முக்கியமான பாட்டுகளின் ஒவ்வொரு டிராக்கையும், பிளக்-இன்களோடு ஒரு முறை, இல்லாமல் ஒரு முறை, பாட்டின் தொடக்கத்திலிருந்தே 24 பிட் வேவ் கோப்புகளாக எடுத்து வையுங்கள். எந்த மென்பொருள் போனாலும் அந்தக் கோப்புகள் எதிலும் திறக்கும். எனக்குத் தெரிந்து இதைவிட நம்பகமான பேக்கப் கிடையாது.

கேள்வி: 2020 இன்டெல் ஐமேக், லாஜிக் புரோ பதிவு மென்பொருள், ஃபயர்வயர் என்ற பழைய இணைப்பு வகை இன்டர்ஃபேஸை இரண்டு அடாப்டர் வழியாகத் தண்டர்போல்ட்டில் மாட்டி இன்றுவரை பதிவு செய்கிறேன். மேக்ஓஎஸ் 26 டாஹோ தயார் என்று தினமும் கேட்கிறது. சம்மதிக்கலாமா?
– வாசகர், கொழும்பு

பதில்: சம்மதித்தால் உங்கள் இன்டர்ஃபேஸ் போய்விடும். டாஹோவில் ஃபயர்வயர் ஆதரவையே ஆப்பிள் எடுத்துவிட்டது. எந்த அடாப்டர் போட்டாலும், எந்த டிரைவர் தேடினாலும் நடக்காது. இதற்கு முந்தைய செகொயாவிலேயே இருங்கள். ஆப்பிள் வழக்கமாக முந்தைய இரண்டு பதிப்புகளுக்கும் பாதுகாப்புத் திருத்தம் தருவதால் உடனே தவிக்க வேண்டியதில்லை. தானாக ஏறிவிடாதபடி அப்டேட் பகுதியில் தானியங்கி நிறுவலை நிறுத்துங்கள். பாதுகாப்புத் திருத்தத்துக்கான விசையை மட்டும் விட்டுவைக்கலாம்.

இன்டெல் மேக்குகளுக்கு டாஹோதான் கடைசிப் பதிப்பு என்று ஆப்பிள் 2025இலேயே அறிவித்துவிட்டது. அதனால் இந்தக் கணினியில் நீங்கள் இழப்பது அந்த ஒரு படிதான், அதற்காக ஓடுகிற இன்டர்ஃபேஸைத் தூக்கி எறிவது நியாயமில்லை. டாஹோவைப் பார்த்தே தீர வேண்டும் என்றால், டிஸ்க் யூட்டிலிட்டியில் புதிதாக ஒரு வால்யூம் சேர்த்து அதில் ஏற்றிப் பாருங்கள், செகொயா தன் இடத்தில் இருக்கும். அங்கே சேமித்த லாஜிக் பாட்டைத் திரும்பவும் பழைய பதிப்பில் திறக்க முடியும் என்று மட்டும் நம்பாதீர்கள், நகல் எடுத்து அதில்தான் விளையாட வேண்டும்.

அடுத்து புது மேக் வாங்கும்போது ஒன்று தெரிந்திருக்கட்டும். எம் வரிசைச் சில்லுள்ள மேக் எந்தப் பதிப்போடு வெளிவந்ததோ அதற்குக் கீழே இறக்க முடியாது. ஆக, புதுக் கணினி வாங்குவதே இயங்குதளத்தை மாற்றுவதுதான். இன்டர்ஃபேஸுக்கும் சேர்த்துப் பணம் ஒதுக்கிக்கொண்டு போங்கள். இன்டெல்லுக்காக எழுதிய பழைய பிளக்-இன்களை ஓட்டும் ரோசெட்டா 2 மேக்ஓஎஸ் 27 வரை முழுதாக இருக்கும், அதன் பிறகு சில பழைய விளையாட்டுகள் போன்ற குறுகிய தேவைக்கு மட்டுமே என்று சொல்லியிருக்கிறார்கள். 2019இல் கேட்டலினா வந்து 32 பிட் மென்பொருட்களை ஒரே இரவில் நிறுத்தியபோது எத்தனை நல்ல பழைய பிளக்-இன்கள் போயின என்பது அன்று மேக் வைத்திருந்தவர்களுக்குத் தெரியும்.

கேள்வி: ஸ்டுடியோ கணினிக்கு இணையமே கொடுக்காவிட்டால் பழைய விண்டோஸ் என்றென்றைக்கும் போதும்தானே?
– வாசகர், சேலம்

பதில்: பெரும்பாலும் போதும், நானும் இதை ஆதரிக்கிறேன். ஆனால் பாடகர் கொண்டுவரும் பென் டிரைவும் ஒரு வாசல்தான். மைனஸ் ஒன் (பாடகர் குரல் இல்லாத இசை) டிராக் உள்ள பென் டிரைவை முதலில் வேறொரு லேப்டாப்பில் வைரஸ் சோதித்து, வேவ் கோப்பை மட்டும் எடுத்துக் கொடுங்கள். ஐலாக் (பல பிளக்-இன்கள் பயன்படுத்தும் உரிம முறை) உரிமத்தைக் கிளவுடில் வைத்திருந்தால் வேலை செய்யும் நேரமெல்லாம் இணையம் வேண்டும், அதைக் கணினிக்கோ ஐலாக் டாங்கிளுக்கோ மாற்றிவிடுங்கள். மாதச் சந்தா பிளக்-இன்களும் அவ்வப்போது இணையத்தில் போய்ச் சரிபார்க்கும், அவற்றுக்கு இந்த வழி ஒத்துவராது.

கேள்வி: விண்டோஸ் 11க்கு மாறிவிட்டேன், கணினி தகுதியானதுதான். பழைய இன்டர்ஃபேஸ் தெரிகிறது, ஆனால் பதிவில் இடையிடையே டிக் டிக் என்று வெட்டு. முன்பு 128 பஃபரில் (கணினி ஒரு தடவையில் கையாளும் ஒலித் துண்டின் அளவு) சுத்தமாக இருந்தது.
– வாசகர், தூத்துக்குடி

பதில்: முதலில் எந்த டிரைவரில் ஓடுகிறது என்று பாருங்கள். மாறும்போது இன்டர்ஃபேஸ் நிறுவனத்தின் ஏசியோ (தாமதம் குறைந்த ஒலிப்பதிவு) டிரைவர் விலகி, விண்டோஸின் பொது டிரைவர் உட்கார்ந்திருக்க வாய்ப்பு அதிகம். நிறுவனத்தின் பக்கத்திலிருந்து விண்டோஸ் 11க்கான டிரைவரை இறக்கி நிறுவுங்கள். அது ஏறவே மறுத்தால், விண்டோஸ் செக்யூரிட்டியில் மெமரி இன்டெக்ரிட்டி என்ற பாதுகாப்பு பழைய டிரைவரைத் தடுத்துக்கொண்டிருக்கலாம். அதை அணைத்துவிட்டு ஓட்டலாம்தான், ஆனால் இணையத்தோடு இருக்கும் கணினியில் அதைச் செய்யச் சொல்ல மாட்டேன்.

டிரைவர் சரியாக இருந்தும் வெட்டினால், 48,000 ஹெர்ட்ஸில் 128 பஃபர் என்பது 2.7 மில்லி செகண்ட் என்பதை நினைவில் வையுங்கள். அந்த நேரத்துக்குள் கணினி அடுத்த துண்டு ஒலியைத் தயார் செய்தாக வேண்டும், இடையில் வைஃபை டிரைவரோ கிராஃபிக்ஸ் டிரைவரோ செயலியைக் கொஞ்சம் அதிகமாகப் பிடித்துக்கொண்டால் அங்கே ஒரு டிக். லேட்டன்சிமான் என்ற இலவச மென்பொருளைப் பத்து நிமிடம் ஓடவிட்டால் யார் பிடிக்கிறார் என்று டிரைவரின் பெயரோடு காட்டும். பதிவு நேரத்தில் வைஃபையையும் புளூடூத்தையும் அணையுங்கள், பவர் பிளானை ஹை பெர்ஃபார்மன்ஸில் வையுங்கள், டிவைஸ் மேனேஜரில் யூஎஸ்பி ஹப்களின் மின்சேமிப்பை நீக்குங்கள், இன்டர்ஃபேஸை ஹப் இல்லாமல் நேராக மதர்போர்டில் மாட்டுங்கள். அதன் பிறகும் இருந்தால் பஃபரை 256க்கு ஏற்றி, பாடகருக்கு இன்டர்ஃபேஸின் டைரக்ட் மானிட்டரிங்கில் (கணினிக்குள் போய் வராமல் நேராக ஹெட்ஃபோனுக்கு) குரலைக் கொடுங்கள், அவருக்குத் தாமதம் தெரியாது.

மாறி 10 நாள் ஆகவில்லை, நாளைக்கே பதிவு இருக்கிறது என்றால் இந்தச் சோதனைகளையெல்லாம் தள்ளிவைத்துவிட்டு, கோப்புகளை வெளி டிஸ்கில் நகலெடுத்துக்கொண்டு செட்டிங்ஸில் ரிக்கவரி போய் விண்டோஸ் 10க்குத் திரும்பிவிடுங்கள்.