ஆபா செயலியில் அப்பாவின் எக்கோ ரிப்போர்ட் ஏன் காட்டவில்லை?

ஆபா (ABHA) என்பது மத்திய அரசின் டிஜிட்டல் சுகாதாரக் கணக்கு. அந்த எண் எடுத்ததால் மட்டும் பழைய எக்கோ (இதய ஸ்கேன்), ஆஞ்சியோ (இதய ரத்தக்குழாய்ப் படம்) ரிப்போர்ட் செயலிக்குத் தானாக வந்துவிடாது. அவை ஆஸ்பத்திரியின் கணினியிலேயே இருக்கும். அவர்கள் ஆபாவோடு இணைத்து, அப்பா சம்மதமும் கொடுத்தால்தான் இப்போது உசிலம்பட்டியில் அப்பாவைக் கவனிக்கும் டாக்டர் அவற்றைப் பார்க்க முடியும்.

மதுரை ஆஸ்பத்திரியில் அப்பாவுக்கு ஸ்டென்ட் வைத்தபோது உங்கள் போன் நம்பரில் பதிந்ததாகச் சொல்கிறீர்கள். ஆபா அப்பாவின் நம்பரில் இருக்கிறது. சிக்கல் பெரும்பாலும் அங்கேதான். பெயரில் இனிஷியல் முன்பின் மாறியிருந்தாலும் பொருந்தாமல் போகலாம்.

1. ஓபி சீட்டில் 14 இலக்க ஆபா எண் அச்சாகியிருக்கிறதா பாருங்கள்.
2. இல்லையென்றால் ரெக்கார்டு பிரிவில் இணைக்கச் சொல்லுங்கள். ஆஸ்பத்திரி ஆபா திட்டத்தில் சேரவில்லையென்றால் பேப்பரை ஸ்கேன் செய்து நீங்களே ஏற்றலாம்.

ஆஞ்சியோ சிடி விஷயத்தில் கவனம். அது டைகாம் (DICOM) என்ற, மருத்துவப் படங்களுக்கான தனிவகைக் கோப்பு. முழு ஃபோல்டராகப் பென்டிரைவில் நகலெடுங்கள். திரையைச் செல்போனில் படம்பிடித்து அனுப்பினால் அடைப்பு சரியாகத் தெரியாது.

செயலி சரியானாலும் டிஸ்சார்ஜ் சம்மரியும் பழைய ஈசிஜியும் வீட்டில் ஒரே கவரில் இருக்கட்டும். ஈசிஜியில் தெரியும் மாற்றம் புதிதா பழையதா என்று பார்க்க டாக்டருக்கு அது பெரிய உதவி. ஆனால் நெஞ்சுவலி வந்தால் கவரைத் தேடிக்கொண்டு நிற்காதீர்கள், முதலில் 108-ஐக் கூப்பிடுங்கள்.