சொறிந்ததால் வந்த கோடுகள் அல்ல

கேள்வி: எனக்கு இது முதல் பிள்ளை, ஏழாம் மாதம். அடிவயிற்றில் சிவப்புக் கோடுகள் விழுந்திருக்கின்றன. அரிப்பும் இருக்கிறது. நான் சொறிந்ததால்தான் கோடு வந்தது என்று மாமி ஏசுகிறார். உடம்பு பெருக்காமல் இருக்கக் கிளினிக்கில் தரும் திரிபோஷா சத்துமாவைக் குறைக்கட்டுமா? பாமசியில் கிறீம் வாங்கிப் பூசலாமா?
- வாசகி, உப்புவெளி, திருகோணமலை

பதில்: தங்கச்சி, திரிபோஷாவில் கை வைக்க வேண்டாம். எடை கூடுதலா குறைவா என்று கிளினிக்கில் மிட்வைஃப் மிஸ்ஸி அட்டையில் குறித்துத்தானே வருகிறார்? அவர் சொல்லாமல் ஒரு பிடி சாப்பாட்டையும் குறைக்காதீர்கள்.

சொறிவதால் கோடு விழாது. தோலுக்குள் கொலாஜன் என்ற இழைகள் இருக்கின்றன. ஆறாம், ஏழாம் மாதத்தில் வயிறு மளமளவென்று வளரும்போது அவை இழுபட்டு அறுகின்றன. கர்ப்பகால ஹோர்மோன்களும் அவற்றைத் தளர்த்திவிடுகின்றன. இழுபடும் தோல் அரிக்கும். முதலில் அரிப்பு, பிறகு கோடு. மாமியின் கண்ணுக்கு முதலில் பட்டது நீங்கள் சொறிந்ததுதான். உங்கள் அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள், அவருக்கும் இருந்திருக்கலாம். இது பெரும்பாலும் பரம்பரையாக வருவது.

இருந்தாலும் நகம் பட்டால் புண்ணாகும், ஒட்ட வெட்டிவிடுங்கள். நம்மூர்க் கச்சான் காற்றில் தோல் காய்ந்து அரிப்பு இன்னும் கூடும். குளித்த ஈரம் முழுதாகக் காயும் முன்பே தேங்காய் எண்ணெயை மெதுவாகத் தடவுங்கள். எண்ணெய் கோட்டைத் தடுக்காது, அரிப்பைத் தணிக்கும். கோடு விழாமல் தடுக்கும் என்று உறுதியான கிறீம் எதுவும் இல்லை. அந்தக் காசுக்கு மீனும் முட்டையும் வாங்குங்கள். ரெட்டினோல் என்ற விட்டமின் ஏ வகை கலந்த கிறீம் கர்ப்ப காலத்தில் கூடவே கூடாது. வெள்ளையாக்கும் கிறீம்களும் வேண்டாம். சிலவற்றில் கலந்திருக்கும் ஸ்டீரோய்ட் தோலை மெலிய வைத்துத் தானே கோடு விழுத்தும்.

பிள்ளை பிறந்து மாதங்கள் போகப் போக சிவப்பு மங்கி, வெள்ளி நூல் போல ஆகிவிடும். முற்றாக மறையும் என்று பொய் சொல்ல எனக்கு மனமில்லை.

நான் கவலைப்படுவது வேறொன்றுக்காக. உள்ளங்கை, உள்ளங்கால் அரிக்கிறதா? தடிப்பு எதுவும் இல்லாமல், இரவில் தூங்க விடாமல் அரிக்கிறதா? அது ஈரலில் பித்தம் தேங்குவதால் இருக்கலாம், வயிற்றுப் பிள்ளையையும் பாதிக்கக்கூடும். இரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். உங்கள் கடிதத்தில் வயிற்றைப் பற்றி மட்டும்தான் எழுதியிருக்கிறீர்கள். சரி, இன்றிரவு படுக்கும்போது கை கால்களையும் கவனியுங்கள். அரித்தால் அடுத்த கிளினிக் நாள் வரை இருக்காமல், விடிந்ததும் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.