கூட்டம் முடிந்தபின் எத்தனை புத்தகம் வெளியே போனது? நூலக நிகழ்ச்சிகள்: கேள்வி பதில்

நூலக வார விழா (நவம்பர் 14–20), வாசகர் வட்டம், சிறுவர் நிகழ்ச்சிகள் பற்றி வந்த கேள்விகளும் பதில்களும்.

எங்கள் கிளை நூலக வாசகர் வட்டத்தின் முதல் கூட்டத்துக்கு அறுபது பேர் வந்தார்கள். நாலாவது மாதம் பன்னிரண்டு பேர்தான். எங்கே தப்பு, ஐயா?

பன்னிரண்டு பேர் வருவது தப்பில்லை. அவர்களில் எத்தனை பேர் கையில் புத்தகத்தோடு வீட்டுக்குப் போனார்கள் என்று பாருங்கள். முதல் கூட்டத்து அறுபது பேர் பெரும்பாலும் சிறப்பு விருந்தினருக்காக வந்தவர்கள்.

உங்கள் அழைப்பிதழைப் பார்த்தேன். வரவேற்புரை, முன்னிலை, தலைமை, வாழ்த்துரை மூவர், சிறப்புரை, நன்றியுரை என்று மேடையில் எட்டுப் பேர். ஆளுக்கொரு பொன்னாடை, ஒரு போட்டோ என்று மூன்று நிமிடம் வைத்தாலும் 24 நிமிடம் அதிலேயே போய்விடும். தொண்ணூறு நிமிடக் கூட்டமென்றால் வரவேற்புக்கு 5, ஒருவர் நூலை அறிமுகம் செய்ய 20, வந்தவர்கள் பேச 45. மீதி 20 நிமிடம் அலமாரிப் பக்கம் போவதற்கு. அந்தக் கடைசி இருபதைத் தொடாதீர்கள்.

பலர் கவனிக்காத இன்னொன்று உண்டு. கூட்டம் முடியும்போது நூலகம் மூடும் நேரமும் வந்துவிடுகிறது. நூலகர் பதிவேட்டை மூடி, மின்விசிறியை நிறுத்திக்கொண்டிருப்பார். அந்த நேரத்தில் யாரும் புத்தகம் கேட்கமாட்டார்கள். ஒரு மணி நேரம் முன்னதாகவே கூட்டத்தைத் தொடங்குங்கள்.

அடுத்த மாத நூலை இந்த மாதமே சொல்லிவிட வேண்டும். ஒரே பிரதிதான் இருக்கிறது என்றால் நாவல் வேண்டாம். பத்துப் பன்னிரண்டு பக்கச் சிறுகதை ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். வாசித்துவிட்டு வந்தவன்தான் பேசுவான், பேசியவன்தான் மறுபடி வருவான்.

நூலக வாரத்தில் வருடா வருடம் மழை பிடித்துக்கொள்கிறது. வாசலில் பந்தல் போட்டுக் கண்காட்சி வைக்கலாமா?

வடகிழக்குப் பருவமழை உச்சத்தில் இருக்கும் வாரம் அது. பந்தலை நம்பாதீர்கள். தார்பாய் நடுவில் குழிந்து தண்ணீர் தேங்கி, கயிறு அறுந்தால் கொட்டுவது நேராகப் புத்தக மேசை மேல்தான். கண்காட்சியை உள்ளேயே வைத்து, வாசலில் ஒரு கரும்பலகை மட்டும் போதும். உள்ளேயும் அடித்தட்டு தரையிலிருந்து அரையடி உயரத்தில் இருக்கட்டும். அலமாரிக்கும் சுவருக்கும் நடுவே நான்கு விரல் இடைவெளி விடுங்கள். மழைக்காலத்தில் சுவர் ஈரம் முதலில் ஏறுவது கடைசி வரிசைப் புத்தகங்களில்.

நனைந்துவிட்டால் உடனே இறங்க வேண்டும். இரண்டு மூன்று நாளில் பூஞ்சணம் பிடித்துவிடும். வெயிலில் காயப்போடாதீர்கள்: தாள் நெளியும், அட்டை வளைந்துபோகும். புத்தகத்தைச் செங்குத்தாக நிற்க வைத்து, பக்கங்களை விசிறிபோல் லேசாக விரித்து, மின்விசிறிக் காற்றில் விடுங்கள். இருபது பக்கத்துக்கு ஒன்றாக அச்சில்லாத வெள்ளைத்தாளைச் செருகி, அது ஈரமானதும் மாற்றுங்கள். செய்தித்தாள் வைத்தால் மை ஒட்டிக்கொள்ளும். குழந்தைகளின் வழுவழுப்பான படப் புத்தகங்களுக்கே முதலிடம். அவை ஒட்டியபடி காய்ந்துவிட்டால் பக்கம் பிரியாது, படம்தான் உரிந்து வரும். ஒவ்வொரு பக்கத்துக்கும் நடுவே தாள் வைக்க வேண்டியவை அவை மட்டுமே.

கதை வாசிப்பு நடத்தலாம் என்கிறார்கள், படம் திரையிட்டால் கேஸ் வரும் என்கிறார்கள். எது உண்மை?

இரண்டுமே உண்மைதான், கொஞ்சம் பிரித்துப் பார்க்கணும். வெளியான நூலிலிருந்து நியாயமான அளவு ஒரு பகுதியைப் பொதுவில் வாசிக்க 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டம் இடம் தருகிறது. முழு நூலையும் வாசித்து, ஒலிப்பதிவு செய்து யூடியூபில் ஏற்றுவது வேறு விஷயம். அதற்கு உரிமையாளரின் அனுமதி வேண்டும். எழுத்தாளர் இறந்து 60 ஆண்டு கடந்திருந்தாலோ, தமிழக அரசு நாட்டுடைமையாக்கிய நூலாக இருந்தாலோ இந்தக் கவலை இல்லை. ஆனால் பழைய நூலுக்குப் புதிதாக எழுதிய முன்னுரை, உரை, மொழிபெயர்ப்பு ஆகியவற்றின் உரிமை அவற்றை எழுதியவர்களுடையது.

திரைப்படத்துக்கு இந்தச் சலுகை கிடையாது. டிவிடி வாங்கியதும் ஓடிடி சந்தா கட்டியதும் வீட்டில் பார்ப்பதற்கு. நுழைவுக் கட்டணம் வாங்கவில்லை என்பதால் அது மாறிவிடாது. ஆவணப்பட இயக்குநர்களிடம் நேரில் எழுதிக் கேளுங்கள். பலர் இலவசமாகவே தருவார்கள். ஒரு மின்னஞ்சல் அனுமதி கையில் இருந்தால் போதும்.

நூலகத்துக்கு நன்கொடை தந்து புரவலர் ஆக எவ்வளவு?

ஆயிரம் ரூபாய். பணத்தை நூலகரிடமே கொடுத்து, ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். விழா மேடையில் உறையில் வைத்துக் கொடுப்பது போட்டோவுக்கு நன்றாக இருக்கும். ரசீது போட ஆள் இருக்காது.

ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் மூன்று சாக்குப் புத்தகம் தருகிறேன் என்கிறார். வாங்கிக்கொள்ளலாமா அண்ணா?

முதலில் பட்டியல் கேளுங்கள். பாடத்திட்டம் மாறிய பள்ளிப் புத்தகம், பழைய தேர்வு வழிகாட்டி, ஒற்றை இதழ்களாக வார ஏடு, இவை வேண்டாம். “என் தகப்பனார் பெயரில் தனி அலமாரி” என்ற நிபந்தனையையும் பணிவாக மறுத்துவிடுங்கள். அப்படி வைத்தால் வரலாறும் சமையலும் ஒரே தட்டில் கிடக்கும், தேடி வருகிறவர் கண்ணில் எதுவும் படாது. முதல் பக்கத்தில் அன்பளிப்பு முத்திரை போட்டு அவர் பெயரை எழுதினால் மரியாதை குறையாது.

சாக்கை நேராக உள்ளே கொண்டுபோகாதீர்கள். வராந்தாவில் வெள்ளைத்துணி விரித்து, ஒவ்வொரு புத்தகத்தையும் முதுகு மேலே வரும்படி கவிழ்த்துப் பிடித்துத் தட்டுங்கள். மண் உதிர்ந்தால் கரையான். மாவுபோல் தூளும் குண்டூசித் துளையும் இருந்தால் புழு. வெள்ளி நிறத்தில் ஏதாவது ஓடினால் ராமபாணப் பூச்சி. சந்தேகப்பட்டதைப் பாலித்தீன் பையில் கட்டித் தனியே வையுங்கள்.

ஆகஸ்ட் 12 நூலகர் தினத்துக்கு மாலை போடுவதைத் தவிர என்ன செய்யலாம்?

சீர்காழியில் 1892இல் பிறந்த நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் பெயரில் வரும் நாள். 1928இல் சென்னை நூலகச் சங்கம் உருவானபோது முன்னின்றவர். மன்னார்குடிப் பக்கத்துக் கிராமங்களுக்கு மாட்டுவண்டியில் புத்தகம் போகத் தொடங்கிய 1931இல்தான் நூலகங்களுக்கு அவர் வகுத்த ஐந்து விதிகளும் நூலாக வந்தன. அதில் இரண்டை அன்றைக்குச் செய்தே காட்டலாம்.

ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் என்பது ஒன்று. புத்தகத்தின் பின்னட்டை உள்பக்கம் ஒட்டிய தேதிச் சீட்டைப் பாருங்கள். கடைசி முத்திரை மூன்று வருடத்துக்கு முந்தையது என்றால் அந்த நூலை எடுத்து வாசல் மேசையில் வையுங்கள். ஐம்பது நூல் போதும். ஒவ்வொன்றிலும் கடைசியாக எடுத்துப்போன தேதியைப் பெரிதாக எழுதிய ஒரு துண்டுச் சீட்டு. ஆள் நின்று பார்ப்பது அந்தத் தேதியைத்தான்.

வாசகரின் நேரத்தைச் சேமி என்பது இன்னொன்று. நூலகத்துக்குப் புதிதாக வந்த ஒருவரிடம் பத்து நூல் பெயரைக் கொடுத்துத் தேடச் சொல்லுங்கள். கையில் கடிகாரத்தோடு பின்னால் நில்லுங்கள், உதவாதீர்கள். அவர் திகைத்து நிற்கிற இடத்திலெல்லாம் ஒரு பெயர்ப்பலகை குறைகிறது என்று அர்த்தம்.

வெளியில் ஒலிபெருக்கி வைக்கலாமா?

வெளியில் என்றால் காவல்துறை அனுமதி வேண்டும், இரவு 10 முதல் காலை 6 வரை கூடாது. நாற்பது பேருக்கு ஒலிபெருக்கியே தேவையில்லை, மின்விசிறிச் சத்தத்தைக் குறைத்தாலே கேட்கும்.

எங்கள் நிகழ்ச்சிச் செய்தி பத்திரிகையில் வருவதே இல்லை. ஏன், தோழர்?

நடந்து முடிந்த மறுநாள் இரண்டு பக்கம் எழுதி அனுப்புகிறீர்கள், அதனால்தான். “இன்றைய நிகழ்ச்சிகள்” பகுதிக்கு மூன்று நாள் முன்பே நான்கு வரி போதும்: என்ன, எங்கே, எத்தனை மணிக்கு, அனுமதி இலவசமா. நடந்த செய்தியென்றால் அன்று மாலைக்குள் எட்டு வரி. படத்தில் இடமிருந்து வலமாகப் பெயர்கள். மேடையில் வரிசையாக நிற்கிற படத்தைவிட, ஒரு பாட்டி கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் புத்தகம் புரட்டுகிற படத்துக்கு இடம் கிடைக்கும். குழந்தைகள் முகம் தெரியும் படமென்றால் பெற்றோரிடம் கேட்டுவிட்டு அனுப்புங்கள்.

சொத்துவரியோடு நூலக வரியும் கட்டுகிறோம். எங்கள் நூலகக் கூரை ஒழுகுகிறது. யாரிடம் கேட்பது?

1948ஆம் ஆண்டு நூலகச் சட்டப்படி வரும் வரி அது. சொத்துவரியில் ரூபாய்க்கு 10 பைசா. உள்ளாட்சி வசூலித்து மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்குத் தர வேண்டும். ஆகவே மனு மாவட்ட நூலக அலுவலருக்கு, நகல் உள்ளாட்சிக்கு. வாடகைக் கட்டடமா, சொந்தமா, உள்ளாட்சி கொடுத்ததா என்பதை முதல் வரியிலேயே எழுதுங்கள். அது தெரியாத மனு மேசை மேசையாகச் சுற்றும்.

சனிக்கிழமை கதைநேரம் தொடங்கப்போகிறோம். எத்தனை பிள்ளைகள், எவ்வளவு நேரம்?

ஐந்திலிருந்து எட்டு வயதுக்கு இருபது நிமிடம், இருபத்தைந்து பிள்ளைகள். அதற்கு மேல் சேர்ந்தால் பின்வரிசைக்குப் படம் தெரியாது, சண்டை ஆரம்பிக்கும். பாயில் அரைவட்டமாக உட்கார வையுங்கள். புத்தகத்தை முகத்துக்கு முன்னால் பிடிக்காமல் தோளுக்குப் பக்கவாட்டில் பிடியுங்கள். சொன்ன கதை இருக்கும் நூலைக் கையெட்டும் உயரத்தில் வையுங்கள், அதுபோல இன்னும் பத்தும் கூடவே. உறுப்பினர் படிவத்தைப் பிள்ளையிடம் கொடுத்தனுப்பினால் திரும்பி வராது. கூட்டிப்போக அம்மாவோ தாத்தாவோ வருகிற அந்தப் பத்து நிமிடம் படிவமும் பேனாவுமாக ஒருவர் வாசலில் நிற்கட்டும்.