கடையை மூடுகிறார்கள், நீட்டிய காகிதத்தில் கையெழுத்துப் போடலாமா?

கேள்வி: தென்னாப்பிரிக்காவில் டர்பன் சாட்ஸ்வொர்த்திலிருந்து எழுதுகிறேன் ஐயா. ஒரு பெரிய டிபார்ட்மென்ட் ஸ்டோரில் 17 வருஷம் 8 மாதம் வேலை பார்த்தேன். முதல் ஆறு வருஷம் கேஷுவல், அப்புறம் பெர்மனென்ட். இப்போது எல்லாக் கிளைகளையும் மூடுகிறார்கள். பெர்மனென்ட் ஆன 11 வருஷத்துக்கு மட்டும், வருஷத்துக்கு ஒரு வார அடிப்படைச் சம்பளம், அதாவது 1,800 ராண்ட் வீதம் 19,800 ராண்ட் தருகிறார்களாம். கமிஷன் கணக்கில் வராதாம். ஜோகன்னஸ்பர்க் குடோனில் வேலை தருவதாகச் சொன்னார்கள், நான் போகவில்லை. அதனால் இந்தப் பணமே தயவில் தருவது என்கிறார் மேனேஜர். 'முழுமையான இறுதித் தீர்வு' என்ற தாளில் கையெழுத்துக் கேட்கிறார்கள். போடலாமா?

பதில்: போடாதீர்கள் அம்மா, இப்போதைக்கு. நீங்கள் எழுதியதோடு கமிஷனுக்கு ஒரு உத்தேசத் தொகையையும் வைத்துப் பார்த்தால் உங்களுக்கு வர வேண்டியது 19,800 அல்ல, 35,700 ராண்ட். ஆனால் அந்தத் தொகை முழுவதும் கைக்கு வருமா என்பது வேறொரு விஷயத்தைப் பொறுத்தது. அதை உங்கள் மேனேஜரும் சொல்லவில்லை, நீங்களும் கேட்கவில்லை.

முதலில் கணக்கு. 1997-ஆம் ஆண்டின் அடிப்படை வேலை நிபந்தனைகள் சட்டம், 41-ஆம் பிரிவு: ஆட்குறைப்பில் வேலை போனால், தொடர்ந்து வேலை செய்த ஒவ்வொரு முழு வருஷத்துக்கும் குறைந்தது ஒரு வாரச் சம்பளம் இழப்பீடு. அந்த 8 மாதம் முழு வருஷம் ஆகாததால் கணக்கில் வராது. 17 வருஷம் வரும்.

கேஷுவல் வருஷங்களைக் கழிக்க அவர்களுக்கு உரிமை இல்லை. அதே முதலாளியிடம் முன்பு செய்த வேலையும், இடைவெளி ஒரு வருஷத்துக்குக் குறைவாக இருந்தால், சேர்த்து எண்ணப்பட வேண்டும் என்று 84-ஆம் பிரிவு சொல்கிறது. டிசம்பர் கூட்டம் முடிந்ததும் நிறுத்திவிட்டு ஈஸ்டருக்குக் கூப்பிட்டார்கள் என்றாலும் சேவை தொடர்ந்ததாகவே கணக்கு. மாதம் 24 மணி நேரத்துக்கும் குறைவாக வேலை செய்தவர்களுக்கு மட்டும் சட்டத்தின் இழப்பீட்டுப் பகுதி பொருந்தாது. நீங்கள் அப்படி இருந்திருக்க மாட்டீர்கள். பழைய பே ஸ்லிப்பைத் தேடி எடுங்கள். கிடைக்காவிட்டால் அந்த வருஷங்களில் சம்பளம் வந்த பேங்க் ஸ்டேட்மென்ட்டைக் கேட்டு வாங்குங்கள்.

அடுத்தது கமிஷன். விற்பனையைப் பார்த்துத் தருகிற கமிஷன் உங்கள் உழைப்புக்கு வந்த ஊதியம், முதலாளி மனமிரங்கித் தருகிற போனஸ் மாதிரி அல்ல. அதனால் கணக்கில் சேரும். தொகை மாதாமாதம் ஏறி இறங்கினால் கடைசி 13 வாரச் சராசரியை எடுக்க வேண்டும். மாதச் சம்பளத்தை வாரச் சம்பளமாக்க நாலே மூன்றில் ஒன்றால் வகுக்க வேண்டும். வாரம் 1,800 என்றால் உங்கள் அடிப்படைச் சம்பளம் மாதம் 7,800. கமிஷன் சராசரியாக 1,300 வந்தது என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 9,100, வாரத்துக்கு 2,100. அதை 17-ஆல் பெருக்கினால் 35,700. உங்கள் உண்மையான கமிஷனைப் போட்டு இதே கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள்.

நோட்டீஸ் பணமும் எடுக்காத லீவுக்கான பணமும் இதற்கு வெளியே. ஒரு வருஷத்துக்கு மேல் இருந்தவருக்கு நான்கு வார நோட்டீஸ் உண்டு. இரண்டையும் 35,700-க்குள் திணித்துவிட்டு ஒரே தொகையாகக் காட்டினால் பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள்.

ஜோகன்னஸ்பர்க் வேலை விஷயத்தில் மேனேஜர் சொன்னது பாதி. மாற்று வேலையை நியாயமில்லாமல் மறுத்தால்தான் இழப்பீடு போகும். சாட்ஸ்வொர்த்தில் வீடும் குடும்பமும் வைத்திருப்பவர் ஐந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால், கடை விற்பனையிலிருந்து குடோன் வேலைக்குப் போகவில்லை என்பதை நியாயமற்றது என்று நிரூபிப்பது அவர்களுக்கு எளிதல்ல. ஏன் போக முடியவில்லை என்று இன்றே ஒரு மின்னஞ்சல் அனுப்பி வையுங்கள். வாயால் சொன்னது நிற்காது.

இனி நீங்கள் கேட்காத விஷயம். கம்பெனி எந்த நிலையில் மூடுகிறது? கையில் பணம் வைத்துக்கொண்டு தானாக மூடுகிறதா, நொடிந்த கம்பெனியைக் காப்பாற்றும் சட்ட நடைமுறையான பிசினஸ் ரெஸ்க்யூவில் இருக்கிறதா, சொத்தை விற்றுக் கடனை அடைத்துக் கம்பெனியையே கலைக்கிற லிக்விடேஷனா? கம்பெனிகள் பதிவு ஆணையமான சி.ஐ.பி.சி.யின் இணையதளத்தில் பார்த்தால் தெரியும்.

தானாக மூடினால் முழுத் தொகையும் முதலாளியின் கடமை. பிசினஸ் ரெஸ்க்யூ என்றால் உங்கள் வேலை ஒப்பந்தம் தொடர்கிறது, ஆட்குறைப்பு செய்யவும் 1995-ஆம் ஆண்டின் தொழிலுறவுச் சட்டம் 189-ஆம் பிரிவின்படி எழுத்தில் நோட்டீஸ் கொடுத்துக் கலந்து பேசியாக வேண்டும். இந்தக் கட்டத்தில் கிளைகள் வேறு கம்பெனிக்குக் கைமாறுவதும் உண்டு. 2020-இல் ஜெட், எட்கார்ஸ் கடைகளை நடத்திய எட்கான் கம்பெனி ரெஸ்க்யூவுக்குப் போனபோது ஜெட் கடைகளில் பல ஃபோஷினி குழுமத்துக்கும், எட்கார்ஸ் கடைகளில் பல டர்பனைச் சேர்ந்த ரீடெய்லபிலிட்டிக்கும் போயின. நடந்துகொண்டிருக்கும் வியாபாரமாகக் கைமாறினால் ஊழியரும் பழைய சேவையோடு சேர்ந்தே போவார்கள் என்பது அதே தொழிலுறவுச் சட்டத்தின் 197-ஆம் பிரிவு. உங்கள் கிளையின் பெயர்ப்பலகை மட்டும்தான் மாறுகிறதா என்று விசாரியுங்கள்.

லிக்விடேஷன்தான் கொடுமை. கோர்ட் உத்தரவு வந்த நாளிலிருந்து உங்கள் ஒப்பந்தம் நிறுத்தி வைக்கப்படும், சம்பளம் வராது, ஆனால் அந்த நாள் முதலே வேலையில்லாதோர் காப்பீட்டு நிதியான யூ.ஐ.எஃப். பணம் கேட்கலாம். இழப்பீட்டில் 12,000 ராண்ட் வரைதான் முன்னுரிமைக் கடன். நிலுவைச் சம்பளத்துக்குத் தனியாக 12,000, லீவுக்கு 4,000. மீதி 23,700-க்கு நீங்களும் சரக்குக் கொடுத்தவர்களும் ஒரே வரிசை, பெரும்பாலும் வெறும் கை. இதில் ஒரு பொறி இருக்கிறது. முன்னுரிமைத் தொகையைப் பெற முறைப்படி கடனை நிரூபிக்கத் தேவையில்லை, கம்பெனியைக் கலைக்க நியமிக்கப்பட்ட லிக்விடேட்டர் கேட்டால் சத்தியப் பிரமாணப் பத்திரம் கொடுத்தால் போதும். மீதித் தொகைக்காகச் சாதாரணக் கடன்காரராக நிரூபித்தால், சொத்து போதாதபோது லிக்விடேஷன் செலவில் ஒரு பங்கை உங்களிடமே கேட்கலாம். பதினேழு வருஷம் உழைத்தவரிடம் கடைசியில் பணம் கேட்கிற சட்டத்தை நான் எந்த விதத்திலும் ஏற்கவில்லை. ஆனால் சட்டம் அப்படி இருக்கிறது. லிக்விடேட்டரைக் கேட்காமல் கடனை நிரூபிக்கும் படிவத்தை நிரப்பாதீர்கள்.

லிக்விடேஷன் இல்லை என்றால் தொழில் தகராறுகளைத் தீர்க்கும் அமைப்பான சி.சி.எம்.ஏ.வுக்குப் போங்கள். ஒரு சென்ட் செலவில்லை, வக்கீலும் தேவையில்லை. 7.11 என்ற புகார்ப் படிவத்தின் பிரதியை முதலில் கம்பெனிக்கு அனுப்பி, அனுப்பிய சான்றோடு தாக்கல் செய்ய வேண்டும். வேலைநீக்கமே அநியாயம் என்றும் வாதாடப் போகிறீர்கள் என்றால் 30 நாள் கெடு, இழப்பீட்டுக் கணக்கு மட்டும் என்றாலும் அதற்குள்ளேயே போட்டுவிடுங்கள். கடை ஊழியர்களின் சக்காவு தொழிற்சங்கத்தில் உறுப்பினர் என்றால் உங்கள் கடையின் சங்கப் பிரதிநிதியான ஷாப் ஸ்டூவர்டிடம் இன்றே பேசுங்கள். கூட வேலை பார்த்தவர்களுக்கும் இதே கணக்குத் தவறுதான் நடந்திருக்கும். சேர்ந்து போனால் கம்பெனி முன்னதாகவே இறங்கி வரும்.

அந்தத் தாளுக்கு வருவோம். சட்டம் சொல்கிற குறைந்தபட்சத்துக்குக் கீழே ஒப்பந்தம் போட முடியாது என்பது பொதுவிதி. ஆனாலும் தகராறு தீர்ந்தது என்று நீங்கள் கையெழுத்திட்ட காகிதத்தைத்தான் சி.சி.எம்.ஏ. கமிஷனர் முன்னால் முதலில் எடுத்து வைப்பார்கள். பணத்தை மறுக்க வேண்டாம். 'தொகை பெற்றுக்கொண்டேன், மீதிக்கான உரிமையை விட்டுக்கொடுக்கவில்லை' என்று கைப்பட எழுதிக் கையெழுத்திட்டு ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். அதை ஏற்க மாட்டோம் என்றால் 'நாளைக்கு வருகிறேன்' என்று எழுந்து வந்துவிடுங்கள். எது கொடுத்தாலும் 'ராஜினாமா' என்ற சொல் உள்ள தாளில் மட்டும் போடவே கூடாது, யூ.ஐ.எஃப். பணமே போய்விடும்.

வரி பற்றி: இழப்பீட்டில் முதல் 5,50,000 ராண்டுக்கு வரி இல்லை. இது 2023 மார்ச் முதல் உள்ள வாழ்நாள் வரம்பு, ஓய்வூதிய நிதியிலிருந்து மொத்தமாக எடுப்பதும் இதில் சேரும். நோட்டீஸ், லீவுப் பணத்துக்கு வழக்கமான வரி உண்டு. இழப்பீட்டிலேயே வரி பிடித்திருந்தால் வரித்துறையான சார்ஸிடம் எவ்வளவு பிடிக்க வேண்டும் என்ற உத்தரவு (டைரெக்டிவ்) வாங்கினார்களா என்று கேளுங்கள்.

பிராவிடன்ட் ஃபண்ட் பணம் கம்பெனியின் சொத்தல்ல, லிக்விடேட்டர் தொட முடியாது. ஆனால் மூடப்போகிற கம்பெனிகள் கடைசி மாதங்களில் உங்களிடம் பிடித்ததை ஃபண்டுக்குக் கட்டாமல் விடுவதுண்டு. பே ஸ்லிப்பில் உள்ள பிடித்தத்தையும் ஃபண்ட் ஸ்டேட்மென்ட்டையும் மாதம் மாதமாகப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு மாதம் விடுபட்டிருந்தாலும் பென்ஷன் ஃபண்ட்ஸ் அட்ஜுடிகேட்டரிடம் புகார் கொடுக்கலாம், அதற்கும் கட்டணமில்லை.