மலையிறங்கும் முப்பத்தைந்து மூட்டைகள்
வாகனம்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: 2017-இல் பதிவான மஹிந்திரா பொலேரோ பிக்கப் ஒன்றை நானே வைத்து ஓட்டுகிறேன். ஆர்.சி.படி ஏற்றக்கூடிய சுமை 1,250 கிலோ. கேத்தி பாலாடா பக்கத்துத் தோட்டங்களிலிருந்து உருளைக்கிழங்கும் கேரட்டும் ஏற்றி வந்து மேட்டுப்பாளையம் மண்டியில் இறக்குவதுதான் தொழில். மாதம் 26 நடை. 45 கிலோ மூட்டைக்கு 60 ரூபாய் வாடகை. வரத்து அதிகமுள்ள நான்கு மாதங்களில் 35 மூட்டை வரை ஏற்றுவேன். மற்ற மாதங்களில் 22 முதல் 25 மூட்டைதான் கிடைக்கும். வண்டி 2,30,000 கிலோமீட்டர் ஓடிவிட்டது. கடன் முடிந்துவிட்டது. சென்ற ஆண்டு பழுதுச் செலவு மட்டும் 85,000 ரூபாய். இப்போது முகம் மாறி வந்திருக்கும் பொலேரோ மேக்ஸ் பிக்கப்பில் 1.7 டன் எச்.டி. வகையைக் காட்டுகிறார்கள். பழைய வண்டியை 2,75,000 ரூபாய்க்கு எடுத்துக்கொண்டு, மீதிக்கு 8 லட்சம் ரூபாய் கடன், 48 மாதங்களுக்கு மாதம் 20,700 ரூபாய் தவணை என்கிறார்கள். ஜி.எஸ்.டி. குறைந்திருப்பதால் இதைவிட நல்ல நேரம் வராது என்றும் சொல்கிறார்கள். மாறலாமா?
– வாசகர், மேட்டுப்பாளையம்

பதில்: உங்கள் கடிதத்தில் தவணைக் கணக்கைவிட என்னை உறுத்தியது அந்த 35 மூட்டைகள்தான். 45 கிலோ வீதம் அவை 1,575 கிலோ ஆகின்றன. அதாவது, உங்கள் வண்டிக்கு அனுமதிக்கப்பட்ட சுமையைவிட 325 கிலோ அதிகம். சமவெளியில் ஓடும் வண்டியாக இருந்தாலே இதைத் தவறு என்றுதான் சொல்வேன். நீங்களோ வெறும் வண்டியாக ஏறி, முழுச் சுமையோடு இறங்குகிறவர். குன்னூர் ஏறத்தாழ 1,850 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து கல்லாறு வருவதற்குள் கொண்டை ஊசி வளைவுகளினூடே நீங்கள் ஏறத்தாழ 1,500 மீட்டர் இறங்குகிறீர்கள். அந்த இறக்கத்தில் வண்டியைப் பிடித்து நிறுத்துகிற வேலை முழுவதும் இரண்டாம் கியருக்கும் பிரேக்குக்கும் உரியது. கூடுதலான அந்த 325 கிலோவைக் கியர் தாங்காத ஒவ்வொரு வளைவிலும் பிரேக் தாங்குகிறது. அந்த உழைப்பு முழுவதும் சூடாக மாறிச் சக்கரத்தின் பிரேக் டிரம்மில் இறங்குகிறது.

காரமடை சாலையில் உள்ள ஒரு பட்டறையில், இதே மலைப்பாதையில் காய்கறி ஏற்றும் பிக்கப் ஒன்றின் பின்சக்கரத்தைக் கழற்றும்போது நான் அருகில் நின்றிருந்தேன். டிரம்மின் உட்புறம் நீலம் பாய்ந்திருந்தது. விரலால் தடவினால் நகத்தில் தட்டும்படி மெல்லிய வெடிப்புகள் வட்டமாக ஓடின. ஷூவில் ஒட்டியிருந்த லைனிங்கின் கனம் பாதிக்கு மேல் மீந்திருந்தும், மேற்பரப்பு கண்ணாடிபோல் பளபளத்தது. தேயாமலே பயனற்றுப் போன லைனிங் அது. காலையில் வண்டியை எடுக்கும்போது பிரேக் நன்றாகவே பிடித்திருக்கும். பத்தாவது வளைவுக்குப் பிறகு மிதி கல்லாக இருந்தும் வண்டி நிற்காத நிலை வரும். ஆகவே, வண்டியை மாற்றுவதற்கு முன்னால், எத்தனை மூட்டை ஏற்றுவது என்பதை நீங்கள் முடிவு செய்ய வேண்டும். அதிகச் சுமைக்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 194-ஆம் பிரிவு 20,000 ரூபாயும், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் அபராதம் விதிக்கிறது. விபத்து நேர்ந்தால் இழப்பீட்டைக் குறைக்கவோ மறுக்கவோ காப்பீட்டு நிறுவனத்துக்கு அது இடம் கொடுக்கிறது. ஆனால், இந்த அபராதத்தை நினைத்து நான் இதை எழுதவில்லை. அந்தச் சாலையில் உங்களுக்கு முன்னால் பள்ளிப் பேருந்துகளும் போகின்றன.

இனி புதிய வண்டியைப் பற்றி. உங்களிடம் உள்ள 2,523 சி.சி. டீசல் இன்ஜின் 63 குதிரைத்திறனும் 195 நியூட்டன் மீட்டர் இழுவையும் தருவது, மேக்ஸ் எச்.டி. வகையில் அது 80 குதிரைத்திறனாகவும் 220 நியூட்டன் மீட்டராகவும் உயர்ந்திருக்கிறது. ஓட்டுநர் இருக்கையின் உயரத்தைக் கூட்டிக் குறைக்கலாம். வண்டி எங்கே நிற்கிறது, எப்படி ஓடுகிறது என்பதைக் கைபேசியில் காட்டும் வசதியும் வந்திருக்கிறது. பத்து வண்டி வைத்து ஆட்களை விட்டு ஓட்டுகிறவருக்கு அந்தக் கைபேசி வசதி பெரிய உதவி. வண்டியிலேயே உட்கார்ந்திருக்கும் உங்களுக்கு அதனால் ஒன்றுமில்லை. கூடுதல் இழுவையும் ஏற்றத்தில்தான் பயன்படும், அப்போது உங்கள் வண்டி காலியாக இருக்கிறது. இருக்கையை மட்டும் நான் அலட்சியப்படுத்த மாட்டேன். நாள்தோறும் மலையேறி இறங்குகிறவரின் முதுகு வலியும் ஒரு செலவுதான்; அதைப் பற்றி நீங்கள் எழுதவில்லை என்பதால் கணக்கில் சேர்க்காமல் விடுகிறேன்.

நேர்மையான கணக்கைப் போட்டுப் பார்ப்போம். சட்டப்படி உங்கள் வண்டியில் 27 மூட்டை ஏற்றலாம், 1.7 டன் வண்டியில் 37 மூட்டை. வித்தியாசம் 10 மூட்டை, நடைக்கு 600 ரூபாய். ஆனால், அந்த 10 மூட்டைகளும் உங்களுக்குக் கிடைப்பது நான்கு மாதங்களில் மட்டுமே. மற்ற எட்டு மாதங்களில் பழைய வண்டியே நிறைவதில்லை. 104 நடைக்கு 600 ரூபாய் வீதம் ஆண்டுக்கு 62,400 ரூபாய் கூடுதல் வரவு. புதிய வண்டி என்பதால் பழுதுச் செலவில் 60,000 ரூபாய் மிச்சமாகும் என்று தாராளமாகவே வைத்துக்கொண்டாலும் மொத்தம் 1,22,400 ரூபாய். தவணையோ ஆண்டுக்கு 2,48,400 ரூபாய். மாதம் பத்தாயிரத்துக்கு மேல் கைக்காசு போட வேண்டியிருக்கும். நான்கு ஆண்டு முடிவில் ஒரு வண்டி உங்களுக்குச் சொந்தமாக நிற்கும் என்பது உண்மை. அதற்கு வட்டியாக மட்டும் 1,93,600 ரூபாய் கட்டியிருப்பீர்கள் என்பதும் உண்மை. புதிய வண்டிக்குச் சொந்தச் சேத இழப்புக்கான காப்பீட்டுப் பிரிமியம் கூடும் என்பதையும் மறக்க வேண்டாம்.

ஜி.எஸ்.டி. பற்றி ஷோரூமில் சொன்னது சரியே. 2025 செப்டம்பர் 22 முதல் சரக்கு வாகனங்களுக்கான வரி 28 விழுக்காட்டிலிருந்து 18 விழுக்காடாகக் குறைந்தது. விலையில் நூற்றுக்கு ஏறத்தாழ 8 ரூபாய் மிச்சம். ஆனால், புதிய வண்டியின் விலை இறங்கும்போது பழைய வண்டிகளின் சந்தை விலையும் கூடவே இறங்குகிறது. தவிர, இது தீபாவளித் தள்ளுபடிபோல் ஒரு வாரத்தில் முடிந்துவிடும் சலுகை அல்ல. அதற்காக அவசரப்பட வேண்டியதில்லை.

ஆகவே, இப்போது மாற வேண்டாம் என்பதே என் கருத்து. 27 மூட்டைக்கு மேல் ஏற்றுவதை நிறுத்துங்கள். வரத்து மாதங்களில் நடைக்கு 480 ரூபாய் குறையும் என்பதை அறிந்தேதான் சொல்கிறேன். மீதி எட்டு மூட்டைகளைச் சேர்த்துவைத்து வாரத்தில் ஓரிரு நாள் இரண்டாவது நடை அடிக்க முடியுமா என்று தோட்டக்காரர்களிடம் பேசுங்கள். பிறகு, சென்ற ஆண்டின் 85,000 ரூபாய் எதற்குப் போனது என்று பில்களைப் பிரித்துப் பாருங்கள். டயர், பேட்டரி, கிளட்ச் பிளேட் என்று போயிருந்தால் அந்தச் செலவு இந்த ஆண்டும் அப்படியே திரும்ப வராது. வண்டி இன்னும் இரண்டு ஆண்டு உழைக்கும். ஆயில் குடிப்பது, கியர்பாக்ஸைத் திரும்பத் திரும்ப இறக்குவது என்று போயிருந்தால் அது வேறு கதை. எட்டு ஆண்டு கடந்த சரக்கு வாகனத்துக்கு ஆண்டுதோறும் எஃப்.சி. என்ற தகுதிச் சான்று எடுக்க வேண்டும் என்பதால், அடுத்த எஃப்.சி.க்கு முன்னால் நான்கு சக்கரங்களின் பிரேக்கையும் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். பின்பக்க ஸ்பிரிங் பட்டையைத் தாங்கும் இடத்தில் சேசிஸை மண் போகக் கழுவி, வெடிப்பு இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். ஆண்டுக்கணக்கில் அதிகச் சுமை ஏற்றிய வண்டியில் வெடிப்பு முதலில் தலைகாட்டுவது அங்கேதான். வெடிப்பு தெரிந்தால் என் கருத்தை மாற்றிக்கொள்கிறேன்: வெல்டிங் வைத்து ஓட்டாதீர்கள், உடனே வண்டியை மாற்றுங்கள். ஆண்டு முழுவதும் 35 மூட்டை தருவதாக ஒரு மண்டி உறுதி சொன்னாலும் அப்படியே, அப்போது 1.7 டன் வண்டி தன் தவணையில் பெரும்பகுதியைத் தானே கட்டிவிடும்.

கேள்வி: திருப்பூரில் சிறிய பனியன் யூனிட் நடத்துகிறோம். 2021-இல் வாங்கிய, பிஎஸ் 6 புகைக் கட்டுப்பாட்டு விதிப்படியான டீசல் பிக்கப், சாயப்பட்டறை, தையல் யூனிட், அயர்னிங் என்று நான்கைந்து கிலோமீட்டர் நடைகளாகவே ஓடுகிறது. இந்த ஆண்டு மூன்று முறை டிபிஎஃப் எனும் புகை வடிகட்டியின் விளக்கு எரிந்து, சர்வீஸ் சென்டருக்குப் போனோம். புதிய வடிவில் வந்திருக்கும் மேக்ஸ் சிட்டி டீசல் வகைக்கு மாறினால் இந்தத் தொல்லை தீருமா?
– வாசகி, திருப்பூர்

பதில்: தீராது. உங்கள் வண்டியின் வயதுக்கும் இந்தத் தொல்லைக்கும் தொடர்பில்லை. அது ஓடும் விதம்தான் காரணம். பிஎஸ் 6 டீசல் வண்டியின் புகைக்குழாயில் உள்ள வடிகட்டி கரியைப் பிடித்துவைத்து, போதுமான சூடு வந்ததும் அதை எரித்துத் தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்கிறது. ஐந்து கிலோமீட்டர் ஓடி அணைத்து, ஒரு மணி நேரம் நின்று, மறுபடி ஐந்து கிலோமீட்டர் ஓடும் வண்டியில் அந்தச் சூடு வருவதே இல்லை. புதிய வண்டியிலும் வடிகட்டி இருக்கும், சாயப்பட்டறைக்குப் போகும் தூரமும் அதேதான் இருக்கும்.

வாரம் ஒரு நாள், அவிநாசி வழியாகச் செல்லும் சேலம் – கொச்சி நெடுஞ்சாலையில், சீரான வேகத்தில் அரை மணி நேரம் ஓட்டிவரச் சொல்லுங்கள். விளக்கு எரியத் தொடங்கிய உடனே இதைச் செய்தால் பெரும்பாலும் சர்வீஸ் சென்டர் வரை போக வேண்டியிராது. கரி எரிந்துகொண்டிருக்கும்போது நடுவில் இன்ஜினை அணைக்கக் கூடாது என்பதையும், கையேட்டில் சொல்லியிருக்கும் தர ஆயிலைத் தவிர வேறு எதையும் ஊற்றக் கூடாது என்பதையும் ஓட்டுநருக்கு ஒரு தடவைக்கு இரு தடவை சொல்லிவையுங்கள்.

மாறியே ஆக வேண்டும் என்றால் இன்னொரு டீசல் வண்டியைப் பார்க்காதீர்கள். நாம் சின்ன யானை என்று அழைக்கும் டாடா ஏஸின் மின்சார வகை, ஒரு டன் சுமையோடு 2024-இல் வந்தது. குறைந்த தூரம், நிறைய நிறுத்தம், இரவில் யூனிட்டிலேயே சார்ஜ் என்ற உங்கள் ஓட்டத்துக்கு அப்படிப்பட்ட வண்டிதான் பொருத்தம். பனியன் கட்டுகள் எடையைவிட இடத்தைத்தான் அடைக்கும் என்பதால், வாங்குவதற்கு முன் உங்கள் கட்டுகளையே கொண்டுபோய் அதன் தொட்டியில் அடுக்கிப் பாருங்கள். வரிக் குறைப்பும் உங்களைத் தூண்ட வேண்டியதில்லை: ஜி.எஸ்.டி. பதிவுள்ள யூனிட் சரக்கு வாகனத்துக்குக் கட்டிய வரியை உள்ளீட்டு வரி வரவாக எடுத்துக்கொள்ளலாம் என்பதால், 28 விழுக்காடாக இருந்தபோதும் அது உங்களுக்குத் திரும்பி வரக்கூடிய பணமாகத்தான் இருந்தது. அந்த வரித்தொகையின் மீதும் வருமான வரிக் கணக்கில் தேய்மானம் காட்டினால் ஜி.எஸ்.டி. வரவு கிடைக்காது என்பதை உங்கள் ஆடிட்டருக்கு நினைவூட்டுங்கள்.

கேள்வி: தேங்காய் ஏற்றுவதற்காக 2 டன் மேக்ஸ் பிக்கப் வாங்க முடிவு செய்துவிட்டேன். என் ஓட்டுநரிடம் எல்.எம்.வி. என்ற இலகுரக வாகன உரிமம் மட்டுமே இருக்கிறது. பழைய சிறிய வண்டிக்குப் பர்மிட் கேட்கவில்லை. இதற்கு வேண்டுமா?
– வாசகர், பொள்ளாச்சி

பதில்: உரிமம் போதும். மொத்த எடை 7,500 கிலோவுக்குள் உள்ள சரக்கு வாகனத்தை எல்.எம்.வி. உரிமம் உள்ளவர் ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2024 நவம்பர் 6-இல் தீர்ப்பளித்திருக்கிறது. மூன்றாம் நபர் காப்பீட்டுப் பிரிமியமும் அதே 7,500 கிலோ வரை ஒரே படிநிலைதான் என்பதால், அந்தச் செலவில் உங்களுக்கு மாற்றமில்லை.

பர்மிட் வேண்டும். வண்டியும் சுமையும் சேர்ந்த மொத்த எடை 3,000 கிலோவைத் தாண்டாத சரக்கு வாகனத்துக்குத்தான் சட்டத்தின் 66-ஆம் பிரிவு விலக்குத் தருகிறது. உங்கள் பழைய வண்டி அதற்குள் இருந்திருக்கும். 2 டன் சுமையோடு வண்டியின் சொந்த எடையும் சேரும்போது புதியது அந்த வரம்பைத் தாண்டிவிடும். பாலக்காட்டுப் பக்கம் நடை இருக்குமானால் நேஷனல் பர்மிட்டாகவே எடுத்துவிடுங்கள். பழைய வண்டியை விற்கும் முன் அதன் காப்பீட்டில் இழப்பீடு கேட்காமல் இருந்ததற்காகச் சேர்ந்திருக்கும் நோ கிளெய்ம் போனஸ் தள்ளுபடிக்கான கடிதத்தை நிறுவனத்திடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அந்தத் தள்ளுபடி வண்டிக்கு உரியதல்ல, உரிமையாளரான உங்களுக்கு உரியது, புதிய வண்டியின் காப்பீட்டில் அதைக் கழித்துக்கொள்ளலாம்.